இசை இதழுக்கு ஓர் அட்டை: முதல்முறை வடிவமைக்கும் மாணவர்களுக்கு

ஊடகக் கற்கை படிப்பவர்களின் கைக்கு எப்படியும் ஒருநாள் வந்து சேரும் ஒப்படை இது: புதிய இசை இதழ் ஒன்றுக்கு முன் அட்டை வடிவமைக்க வேண்டும். வாசித்த கையோடு பலர் லப்டொப்பைத் திறக்கிறார்கள். கான்வாவில் பளபளப்பான மாதிரி ஒன்றை எடுத்து, அதிலிருக்கும் ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தமிழை இறக்குகிறார்கள். பெட்டிக்குள் சொற்கள் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்குவார்கள். பிறகு வாசிக்க முடியாது என்று எழுத்துக்கு வெள்ளைக் கரை போடுவார்கள், கரைக்கு ஒரு நிழலும் போடுவார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் கோயில் திருவிழா நோட்டீஸ் போல ஒன்று திரையில் நிற்கும்.

நோட்டீஸில் உபயகாரர் ஒருவரின் பெயர் விடுபட்டாலும் வில்லங்கம்தான். அதனால் அங்கே எல்லாம் இருந்தே ஆகவேண்டும். இதழ் அட்டைக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. ஒரு முகம், ஒரு பெரிய சேதி, துணைக்கு மூன்று நான்கு சின்ன வரிகள் போதும். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி எதையெல்லாம் விடலாம் என்பதுதான்.

முதலில் வாசகரைத் தீர்மானியுங்கள்

‘இசை ரசிகர்களுக்கான இதழ்’ என்று எழுதிக்கொடுத்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். நியாயம்தானே. யாழ்ப்பாணத்திலேயே எத்தனை வகை ரசிகர்கள்! இணுவில், அளவெட்டிப் பக்கம் கோயிலில் மேளச்சமா, அதாவது நாதஸ்வரத் தவில் கச்சேரி, என்றால் விடியும்வரை வீதி மணலில் இருந்து கேட்கிற ஐயா ஒருவர். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குக் கீர்த்தனை பாடமாக்குகிற பிள்ளை இன்னொருவர். அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிசை பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுகிற பொடியன் வேறு. கலியாண வீட்டு இசைக்குழுவில் ஒக்டபாட் அடிக்கிறவர் வேறு. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப்பிசையைக் காரில் போட்டுக் கேட்டபடி, ரொறொன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து நிற்கிற மாமா வேறு. இந்த ஐந்து பேரும் ஒரே அட்டையைப் பார்த்துக் காசை எடுக்கப் போவதில்லை.

ஒருவரைத் தெரிவுசெய்து அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன வயது, என்ன வேலை அல்லது படிப்பு, யாரைக் கேட்பார், எதற்கு எவ்வளவு செலவழிப்பார், இதழை எங்கே காண்பார். பிறகு எழுத்தா நிறமா படமா என்று தடுமாறும்போதெல்லாம் இந்த அரைப் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்க்கப் போகிறீர்கள். இந்தக் கட்டுரைக்கு ஓர் உதாரணம் வேண்டும் என்பதால், தவிலிலும் நாதஸ்வரத்திலும் ஆர்வமுள்ள 17 முதல் 25 வயது வரையானவர்களுக்கு ஒரு காலாண்டிதழ் என்று வைத்துக்கொள்வோம்.

மற்றவர்களின் அட்டைகளைப் பாருங்கள்

இதற்கு ஒரு பின்னேரம் போதும், ஆனால் அதைக் கட்டாயம் ஒதுக்குங்கள். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் இதழில், பெயரின் ஒரு பகுதியை மறைத்தபடி அட்டைநாயகரின் தலை முன்னால் நிற்பதை அடிக்கடி காணலாம். பழகிய பெயர் என்பதால் மறைத்தாலும் அவர்களுக்குக் குறையில்லை. 1981இல் இலண்டனில் தொடங்கிய கெராங் கனமான ரொக் இசைக்கானது. அதன் பெயரெழுத்தே உடைந்த கண்ணாடிபோல் விரிசல் விட்டிருக்கும். சென்னையிலிருந்து 1983 முதல் ஆங்கிலத்தில் வருகிற சுருதி கர்நாடக இசைக்கும் நடனத்துக்குமானது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பெயரை வாசிக்கு முன்னமே எந்த இசைக்கான இதழ் என்று எப்படித் தெரிகிறது என்பது பிடிபடும்.

நம் ஊரில் பார்க்க வேண்டியது மல்லிகை. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய அந்த இதழ் இலக்கியத்துக்கானது என்றாலும், எழுத்தாளர் அல்லது கலைஞர் ஒருவரின் முகத்தை அட்டையில் போட்டு, உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை வைப்பது அதன் வழக்கமாக இருந்தது. குறைந்த அச்சு வசதியோடு ஒரு முகத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பழைய இதழ்களை ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

ஐந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துருக்கள், எத்தனை நிறங்கள், படத்திலிருப்பவர் எங்கே பார்க்கிறார், மிகப் பெரிய வரி எது என்று குறியுங்கள். இந்தக் குறிப்பு ஒப்படையின் ஆய்வுப் பகுதிக்கும் உதவும்.

பெயர் வைத்தல்

தமிழ் அட்டைக்கு மூன்று நான்கு எழுத்துப் பெயர் நல்லது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர்தான். ‘யாழ் இசைக்கலைஞர் குரல்’ என்று வைத்தால் ஒன்றில் இரண்டு வரியாகும், அல்லது எழுத்து மெலிந்து போகும். நம் உதாரணத்துக்குச் ‘சீவாளி’ என்று பெயர் வைப்போம். நாதஸ்வரத்தின் வாயில் பொருத்தி ஊதுகிற அந்தச் சின்ன நாணல் துண்டைத் தெரியாத மேள ரசிகர் இல்லை. தெரியாத மற்றவர்களுக்கு என்னவென்று கேட்கத் தோன்றும்.

இனி அந்தப் பெயரைத் தாளில் கையால் பெரிதாக எழுதிப் பாருங்கள். ஆங்கில இதழ்களின் பெயர் பெரும்பாலும் ஒரே உயரத்து எழுத்துகளில் செங்கல் அடுக்கினாற்போல இருக்கும். சீவாளி அப்படி அடங்காது. முதல் எழுத்தின் மேலே சுழி, கடைசி எழுத்தின் மேலே இன்னொரு சுழி, நடுவில் கால். மேலே இடம் விடாமல் தாளின் விளிம்போடு ஒட்டிவைத்தால் வெட்டும்போது சுழி போய்விடும். முகம் பெயரின் மேல் வருகிற உத்தியும் இங்கே கவனமாகக் கையாளப்பட வேண்டியது. கலைஞரின் தலைமுடி ‘வா’வின் காலை மறைத்தால் ‘சீவளி’ என்று வாசிப்பார்கள். முதலெழுத்தின் சுழியை மறைத்தால் ‘சவாளி’. புதிய இதழின் பெயரை வாசகர் ஊகிக்க மாட்டார். தலை பெயரைத் தொட வேண்டும் என்று ஆசையாக இருந்தால், சுழியும் காலும் இல்லாத இடத்தில், எழுத்தின் அடிப்பாகத்தில் கொஞ்சமாக மட்டும் தொடட்டும்.

படப்பிடிப்பு

மதிப்பெண் போவதும் வருவதும் இங்கேதான். முதலாவது விதி: இணையத்திலிருந்து படம் எடுக்கக் கூடாது. ஒப்படை விதிகளை விடுங்கள், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவரின் ஆயுளோடு சேர்த்து, அதன்பின் 70 ஆண்டுகள் வரை நிற்கும். தவில் மேதை தெட்சணாமூர்த்தியை அட்டையில் போட எல்லோருக்கும் ஆசை வரும். அவர் 1975இல் காலமானவர். ஆனால் படத்தின் உரிமையைத் தீர்மானிப்பது அந்தப் படத்தை எடுத்தவரின் ஆயுள். ஆகவே இன்று வாசிக்கிற ஒருவரை நீங்களே போய்ப் படம் எடுங்கள். மருதனார்மடத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து இப்போது பல்கலைக்கழகப் பீடமாகியிருக்கும் வளாகத்தில் படிக்கிற தெரிந்த அக்காவோ அண்ணாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையிலேயே மிருதங்கம் பழகுகிற பிள்ளை இருக்கலாம். கேட்டுச் சம்மதம் வாங்கி, ஒரு தாளில் கையொப்பமும் பெறுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் தாய் தகப்பனிடம் கேட்க வேண்டும். கோயிலில் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். பல கோயில்களில் உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

கமரா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படம் 3024க்கு 4032 பிக்சல் வரும். ஏ4 அட்டைக்கு, அச்சிட்டபின் வெட்டி எறியும் ஓரமான வெட்டு விளிம்போடு சேர்த்து, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2551க்கு 3579 பிக்சல் போதும். மிச்சம் அதிகமில்லை என்பதைக் கவனியுங்கள். தூர நின்று எடுத்துவிட்டுப் பிறகு முகத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று நினைத்தால் அச்சில் புகைந்துபோகும். எடுக்கும்போதே சரியான அளவில், செங்குத்தாக எடுங்கள். முகத்துக்கு மிகக் கிட்டப் போனால் மூக்குப் பெருத்துத் தெரியும். இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பாவித்துக் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். பின்னணியை மங்கலாக்கும் பயன்முறையை நிறுத்திவிடுங்கள். அது நாதஸ்வரத்தின் அடியையும் கலைந்த முடியையும் பின்னணி என்று நினைத்துத் தின்றுவிடும்.

வெளிச்சத்துக்குக் காலை எட்டரைக்கு முன், அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. மதிய வெயிலில் கண்குழி கறுத்துவிடும். பழைய நாற்சார் வீடு ஒன்று கிடைத்தால் நேரக் கணக்கே தேவையில்லை. முற்றத்திலிருந்து ஒரு பக்கமாக வெளிச்சம் வந்து விறாந்தையில் இருப்பவரின் முகத்தில் மெதுவாகப் படியும். காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கும் விளக்கு அந்த வேலையைச் செய்யாது. பின்னால் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் எழுத்து வைக்கவும் வசதி. கோட்டை மதிலையும் நல்லூர்க் கோபுரத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழகில்லை என்று சொல்லவில்லை. வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் போவார்கள்.

எதை எடுப்பது? நாதஸ்வரம் மூன்றடிக்குக் கிட்ட நீளம். ஊதும்போது பக்கவாட்டில் எடுத்தால் முகம் சிறுத்துவிடும். மார்போடு நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள், அல்லது குறுக்காக. தவில் அகலமானது, செங்குத்தான தாளுக்குள் முழுதாக அடங்காது. அடங்கத் தேவையும் இல்லை. வாசிக்கிற கையின் விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: இறுகிப்போன வெள்ளைத் தொப்பிகள், அடித்து அடித்து ஓரம் கறுத்தவை. வித்துவான் அந்தக் கையை முகத்துக்கு அருகே தூக்கி, நேராக உங்கள் லென்ஸைப் பார்க்கிற ஒரு படம். தவிலே தெரியாவிட்டாலும் தவில்காரர் என்று நம் வாசகருக்குப் புரியும். இப்படி ஒன்று கிடைத்தால் அட்டையின் பாதி வேலை முடிந்தது.

தலைக்கு மேலே படத்தின் கால்வாசியாவது வெறுமையாக இருக்க வேண்டும். பெயர் அங்கேதான் வரும். இடப் பக்கமோ வலப் பக்கமோ கொஞ்சம் காலி இடமும் வேண்டும். நூறு படம் எடுங்கள், நிறையச் சாய்த்தும் மாற்றியும் எடுங்கள். இறுதியில் ஒன்றுதான் வேண்டும்.

எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். வழக்கமான தரத்தில் அது நீளப் பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். ஏ4இல் அச்சிட்டால் அங்குலத்துக்குச் சுமார் 130 புள்ளிகள்தான் கிடைக்கும், தேவை 300. ஆவணமாக அனுப்புங்கள், அல்லது வயர் போட்டு நேராக மாற்றுங்கள்.

கோப்பைத் திறப்பதற்கு முன் பென்சில்

தாளில் தீப்பெட்டி அளவுப் பெட்டிகள் ஆறேழு வரைந்து, முகம் ஒரு வட்டம், பெயர் ஒரு பட்டை, வரிகள் சில கோடுகள் என்று அடுக்கிப் பாருங்கள். இரண்டாவது பெட்டியே சரி என்று தோன்றும். மற்றதையும் வரையுங்கள்.

பிறகு கோப்பு. 210க்கு 297 மில்லிமீற்றர் தாள், நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டு விளிம்பு, ஆக 216க்கு 303. படம் அந்த வெளி விளிம்பு வரை போக வேண்டும். எழுத்து எதுவும் தாளின் ஓரத்திலிருந்து 8 மில்லிமீற்றருக்குள் வரக் கூடாது. இடப் பக்கம் முதுகு வருவதால் அங்கே இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். மென்பொருளில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. படத்தைத் திருத்த கிம்ப், பக்கத்தை அமைக்க ஸ்கிரைபஸ் அல்லது இன்க்ஸ்கேப், மூன்றும் இலவசம். போட்டோஷொப் இருந்தால் அதுவும் சரி.

தமிழ் எழுத்து செய்யும் சேட்டைகள்

முதல் வேலையாக ‘கொட்டு, தோடி, கௌளை’ என்று தட்டச்சுச் செய்து பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் மென்பொருளுக்குத் தமிழ் அடுக்கத் தெரியவில்லை. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் இது அடிக்கடி நடக்கும். பிரெஃபரன்சஸ் உள்ளே டைப் என்ற பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பது இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இன்னும் பழைய பதிப்பில் அதன் பெயர் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன். மென்பொருளை மூடித் திறந்து புதிய கோப்பில் எழுதினால் சரியாகும். கிம்ப்பிலும் இன்க்ஸ்கேப்பிலும் இந்தத் தொல்லை இல்லை.

யாழ்ப்பாணத்து அச்சகங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இன்னமும் ஓடுகிறது. அது ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துரு அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் உங்கள் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். ஒருங்குறியிலேயே எழுதுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பாலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன, இதழுக்குப் பாவிக்கவும் தடையில்லை. இரண்டு எழுத்துரு போதும்: பெயருக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. பெயரைக் கையால் எழுதி, படமாக எடுத்து, இன்க்ஸ்கேப்பில் கோட்டுருவாக (வெக்டராக) மாற்றினால் இன்னும் நல்லது. அந்த எழுத்து வேறு எவரிடமும் இருக்காது.

ஆங்கில அட்டைகளில் எழுத்துகளை இடம் விட்டுத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். தமிழில் அதைச் செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து, ‘கொட்டு’ சில்லறையாகச் சிதறும். வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். மேல்வரியின் ‘ஞூ’வும் கீழ்வரியின் ‘ரீ’யும் மோதிக்கொள்ளும். மிகத் தடித்த எழுத்தைச் சின்ன அளவில் போட்டால் ‘ண’வின் சுழிகள் மையால் அடைபட்டுவிடும். கரை, நிழல், பளபளப்பு, உலோக மினுக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் தவறு பின்னணியில் இருக்கிறது. எழுத்தை இருண்ட இடத்துக்கோ வெளிச்சமான இடத்துக்கோ நகர்த்துங்கள்.

அட்டை வரிகள்

‘நாதஸ்வரக் கலையின் இன்றைய நிலை குறித்த ஓர் ஆய்வு’ என்பது பரீட்சை வினா. அட்டையில் அதே விஷயம் ‘சீசன் முடிந்தால் சாப்பாடு?’ என்று வரலாம். திருவிழாக் காலம் ஓய்ந்ததும் மேளகாரரின் வருமானம் என்னாகிறது என்ற கட்டுரை அது. வரியைப் பார்த்தவர் உள்ளே தேடுவார். ஒரு வரிக்கு ஐந்து சொல் எல்லை. பெரிய வரி அட்டைப்படத்திலிருப்பவரைப் பற்றியதாக, மற்றவற்றைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும். அவர் பேட்டியில் சொன்ன ஒரு வாக்கியத்தையே போடலாம். அதற்காகவாவது பத்து நிமிடம் அவரோடு இருந்து கதையுங்கள், நீங்களாக ஒன்றை எழுதி அவர் வாயில் வைக்க வேண்டாம்.

மிச்ச வரிகள் மூன்று அல்லது நான்கு. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஒரே ஓரத்தோடு நிறுத்துங்கள். அவற்றில் ஒன்றாவது ஊதும் நுட்பம், கருவி பராமரிப்பு போலப் பயனுள்ளதாக இருந்தால் இதழுக்கு எடை கூடும். முகத்தின் மேல் எழுத்து ஏறக் கூடாது, தோளின் மேல் ஏறலாம்.

விலை, இதழ் எண், மாதம் மூன்றும் சின்னதாகப் பெயரின் அருகே. பட்டைக்குறியீடு (பார்கோட்) கீழே ஒரு மூலையில் வெள்ளைப் பெட்டிக்குள் வரும். முழு அளவு ஏறக்குறைய 37க்கு 26 மில்லிமீற்றர், அதன் எண்பது வீதம் வரை சுருக்கலாம். இதழ்களுக்கான எண் 977 என்று தொடங்கும். வேறு இதழின் குறியீட்டை வெட்டி ஒட்டாமல், மாதிரிக்கு ஒன்றை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். கோடுகள் கறுப்பாக இருக்கட்டும். சிவப்பில் போட்டால் வருடிக்குத் தெரியாது.

நிறம்

மூன்று போதும், அவற்றில் இரண்டைப் படத்திலிருந்தே எடுங்கள். தவில்காரரின் சால்வைக் கரை, சுண்ணாம்புச் சுவரின் மஞ்சள் கலந்த வெள்ளை, பிறகு ஒரு கறுப்பு. திரையில் மின்னுகிற நீலமும் பச்சையும் அச்சு மையில் மங்கிப்போகும். ஆகவே அச்சுக்கான நாலு நிற முறையான சிஎம்வைகேயில் எப்படித் தெரியும் என்று முன்னமே பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மையை மட்டும் பாவியுங்கள். நாலு மையும் கலந்த கறுப்பில் எழுத்தின் ஓரம் நிறம் பிசகித் தெரியும்.

அச்சிட்டுப் பார்த்தல்

பரமேஸ்வராச் சந்திப் பக்கம் பிரின்ட் கடைகளுக்குக் குறைவில்லை. முதலில் சாதாரணத் தாளில் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி எடுங்கள். கறுப்பு வெள்ளையிலும் பெரிய வரி முதலில் கண்ணில் பட்டால் அடுக்கு சரி. அதைச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பெயரை வாசிக்க முடிகிறதா? இதழ்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடும் கடைகளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மேல்பாகம் மட்டும்தான் தெரியும். மேல் மூன்றிலொரு பங்கைத் தவிர மற்றதை ஒரு கொப்பியால் மறைத்துவிட்டு, இது என்ன இதழ் என்று வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். அம்மம்மாவிடம் கேட்டால் எழுத்தின் அளவைப் பற்றிய உண்மை உடனே தெரியும்.

இறுதிப் பிரதிக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள தடித்த ஆர்ட் போர்ட் கேளுங்கள். எழுத்துருக்கள் உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள்; அச்சகத்துக்காரர் கோப்பைத் தங்கள் மென்பொருளில் திறப்பார் என்றால், எழுத்தையெல்லாம் வடிவமாக மாற்றிய இன்னொரு பிரதியும் வேண்டும். ஏ4 தாளிலேயே அச்சிட்டால் விளிம்பில் வெள்ளைக் கோடு நிற்கும். ஏ4ஐவிடப் பெரிய தாளில் அச்சிட்டு, குறியில் வெட்டித் தரச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையை அச்சுக்கு முன் வேறொருவர் பார்க்கட்டும், அதுவும் திரையில் பார்க்காமல் தாளில். ஒற்று மிகுந்ததா இல்லையா என்று வகுப்பே சண்டைபிடிக்கும் ஊர் இது.

ஒப்படையோடு தீப்பெட்டி வரைபடங்கள், விட்டுவிட்ட படங்களில் நாலைந்து, சம்மதக் கடிதம், வாசகரைப் பற்றிய அரைப் பக்கம் எல்லாவற்றையும் இணையுங்கள். ‘சிவப்புப் பிடித்ததால் போட்டேன்’ என்பதற்கு மதிப்பெண் வராது. சால்வைக் கரையின் சிவப்பை வரிக்கும் எடுத்ததால் கண் முகத்திலிருந்து வரிக்கு இறங்குகிறது என்று எழுதினால் வரும். கோப்பை ஒரே பென் டிரைவில் மட்டும் வைத்திருக்காமல், சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல் நாளே அச்சடித்து முடித்துவிடுங்கள். சமர்ப்பிக்கும் நாளன்று எல்லாரும் அதே கடையில்தான் நிற்பார்கள்.